பலகையும் கையும்

"கையை மேசைமேல் பரப்பி வையுங்கள்" என்றார் டாக்டர் சுஹைலா.
வைத்தேன்.
வலது கை படுத்துக்கொண்டது.
இடது கை கூடாரம் போட்டு உட்கார்ந்தது,
மோதிர விரலும் சுண்டு விரலும்
யாரையோ கிட்டக் கூப்பிடுகிற மாதிரி.
அடியில் பேனாவை உருட்டினார்.
இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் வந்தது.
எழுதிக்கொண்டார்.

பீடோரில் முப்பத்தோரு வருஷமாக முடி வெட்டுகிறேன், டாக்டர்.
கத்தரிக்கு வலது கை, சீப்புக்கு இது.
சீப்புக்குப் பாதகமில்லை.
முகம் கழுவினால் சுண்டு விரல் கண்ணைக் குத்தும்,
சட்டைப்பைக்குள் விட்டால்
சில்லறை வரும், கை வராது.
அதெல்லாம் பழகிவிட்டது.
தலை தட்டுவதுதான்...

தலை தட்டுவதை மலாயில் எப்படிச் சொல்வது?
மேசையைத் தட்டிக் காட்டினேன்.
வலது: டப். இடது: டொக்.
தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

தோலுக்கடியில் ஒரு சவ்வு
கயிறாகத் திரிந்துவிட்டதாம்.
ஏன் என்று சரியாகத் தெரியாதாம்.
இனிப்பு நீர் உண்டா? உண்டு.
குடும்பத்தில் யாருக்காவது?
அப்பாவின் கை விரிந்து நான் பார்த்ததில்லை,
சம்பள நாளில்கூட.
வடக்கு ஐரோப்பாவில்தான் இது அதிகம் என்றார்.
துரைமார் சீக்கா!
தோட்டத்தையெல்லாம் விற்றுவிட்டுப் போனவர்கள்
இதை மட்டும் கணக்கில் காட்டாமல்
விட்டுப் போனார்களா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை. பிறகு கொஞ்சம் சிரித்தார்.

சும்மா இருக்கலாம் என்றார் முதலில்.
வலியில்லை, உயிருக்கு ஒன்றுமில்லை.
ஆனால் நான் சும்மா இருந்தாலும்
அது சும்மா இருக்காது.
இல்லையென்றால் ஊசி:
மரத்துப்போகச் செய்து, முனையால் கயிற்றைக் குத்திக் குத்தி அறுத்து,
விரலை இழுத்து நிமிர்த்துவார்கள்.
அன்றைக்கே பஸ் ஏறலாம்.
சில வருஷத்தில் திரும்பி வரவும் வரலாம்.
கத்தி என்றால் கயிற்றையே எடுத்துவிடுவார்கள்,
அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.
ஆனால் தையல், ராத்திரிக்குப் பட்டை, பயிற்சி,
ஆறு வாரமாவது ஆகும்.
நரம்பில் பட்டால் விரல் நுனி மரத்துப்போகலாம்.
கரைக்கிற மருந்து ஒன்றும் உண்டாம்.
இங்கே கிடைக்காதாம்.

ஈப்போவிலிருந்து திரும்புகிற பஸ்ஸில்
பக்கத்து சீட் அந்தோணிக்கு வேறு வைத்தியம்:
"செங்கல் கட்டித் தொங்கவிடுங்க அண்ணே."
குணவதி வெந்நீரும் நல்லெண்ணெயும் வைத்தாள்.
சின்சே கடைத் தைலம் பன்னிரண்டு வெள்ளி.
கை மணக்கிறது.
விரல் இருந்த இடத்தில் இருக்கிறது.

ஆறு வாரம் என்றால்
நாற்பத்திரண்டு நாள்.
எதிர்க் கடையில் ஏர்கான், பெரிய டிவி,
ஒரு தலைக்குப் பதினெட்டு வெள்ளி.
என்னிடம் பத்து.
நாற்பத்திரண்டு நாளில்
ஏர்கான் பழகிவிடும் ஜனங்களுக்கு.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற பலகையில் கையை வைத்துப் பார்ப்பேன்.
போன வருஷம்
பிளேடு உறைதான் நுழைந்தது.
சீனப் பெருநாளுக்குப் பவுடர் டின் மூடி.
நேற்று படிகாரக் கல்லே
எங்கும் உரசாமல் போனது.
போன் செய்து சொல்லிவிட்டேன்:
ஊசி.
தீபாவளிக் கூட்டம் முடிந்த இரண்டாவது புதன்.
நாட்காட்டியில் வட்டம் போட்டதும் இந்தக் கைதான்,
வட்டம் முட்டையாக வந்தது.

இன்றைக்கு ரஃபிகுல் வந்தான்,
மூன்றாம் கட்டைச் செம்பனைத் தோட்டத்துப் பையன்.
டாக்காவுக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஊர்.
வெட்டி முடித்துத் துணியை உதறினேன்.
தட்டவில்லை. கூச்சம்.
அவன் எழுந்திருக்கவில்லை.
கண்ணை மூடி, தலையைக் குனிந்து
அப்படியே இருந்தான்.
வரிசையில் இரண்டு பேர் பேப்பருக்குப் பின்னால்.
எண்ணெய் இரண்டு சொட்டு.
டப் டொக். டப் டொக்.
தகர டின்னும் மத்தளமும் சேர்ந்த மாதிரி.
பாதியில் பார்த்தால்
வாய் லேசாகத் திறந்து
தூங்கிப்போயிருக்கிறான்.

நிறுத்தினால் விழித்துக்கொள்வான்.
கை வலித்தது,
நல்ல கை.