பூஜ்ஜியம் கேட்கும் பெட்டி

தொண்டி பேருந்து நிலையத்துக்கு வடக்கே,
கிழக்குக் கடற்கரைச் சாலையில்
முத்திருளாயி புகைப் பரிசோதனை நிலையம்.
முத்திருளாயி நான்தான்.
தகரக் கூரை, கணினி, கேமரா,
கடன் அடையாத ஒரு பெட்டி.

பெட்டிக்கு ஒரு பழக்கம்.
வண்டிப் புகையை அளக்கும் முன்
நல்ல காற்று ஒரு வாய் கேட்கும்.
அதைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டுதான்
மற்றதையெல்லாம் எண்ணத் தொடங்கும்.
கொண்டல் வீசும் மாதங்களில் தொல்லையில்லை.
சன்னல் வழியே கடல்பக்கம் குழாயை நீட்டினால்
இழுத்துக்கொண்டு பச்சை விளக்குப் போடும்.

உண்மையைச் சொன்னால்
எந்த லாரிக்குள்ளும் அந்தக் குழாயை நான் விட்டதில்லை.
மீன் வண்டி நிற்காது.
நம்பர் பலகைக்கு ஒரு படம்,
நேற்றைய வண்டியின் எண்ணில்
கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஒரு சீட்டு.
சவேரியார் பிச்சை எஞ்சினைக்கூட அணைக்கமாட்டார்.
சீட்டு அச்சாகி வருவதற்குள்
என் வெள்ளைச் சுவரில் ஒரு சாண் கறுத்துவிடும்.

சென்னையில் மசோதா ஒன்று வருகிறது என்றார்கள்.
பதினேழு பிரிவு.
ஒன்பதாவது என்னைப் பற்றியது:
குழாய் உள்ளே போகாமல் சீட்டு கொடுத்தால்
உரிமம் போகும், ஆறு மாதம் உள்ளே.
பயந்தேன்.
பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.
அதற்குப் பெயர் தெரியவில்லை.
ஒரு மதியம், யாரும் கேட்காமலே,
பிச்சை அண்ணன் டீ குடிக்கப் போன நேரம்
அவர் வண்டிக்குள் குழாயைச் செருகினேன்.
பெட்டி ஓர் எண் சொன்னது.
அவரிடம் நான் சொல்லவில்லை.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
பால் பாக்கிக்குக் கீழே எழுதிவைத்தேன்.
அந்தப் பக்கம் நிரம்பியபோது
நாற்பத்தொரு லாரி ஆகியிருந்தது.

ஆடி மாதம். கச்சான் புழுதியை வாரி இறைத்த ஒரு நாள்
ஓட்டெடுப்பு. டிவியில் பார்த்தேன்.
ஆம் என்போர், என்றார் நாற்காலியில் இருந்தவர்.
கொஞ்சம் குரல்.
இல்லை என்போர்.
மேசை தட்டலோடு பெரிய குரல்.
தலையை எண்ணவில்லை யாரும்.
நெஞ்சுக்கூட்டிலிருந்து வந்த காற்றை வைத்தே
காற்றுக்கான சட்டத்தை முடித்துவிட்டார்கள்.
எங்கள் தொகுதிக்காரர்
எந்தப் பக்கம் மூச்சு விட்டாரோ,
படத்தில் தெரியவில்லை.

சாயங்காலம் லாரி முதலாளி நைனார் முகம்மது
அரைக் கிலோ கீழக்கரை தொதலோடு வந்தார்.
'கடக்கரை ஊருக்கு எதுக்கும்மா சட்டம்?
காத்து அள்ளிட்டுப் போயிரும்ல.'
எங்கே என்று நான் கேட்கவில்லை.
தொதல் நன்றாகவே இருந்தது.
ராத்திரி வரை விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனி அவசியமே இல்லை.
அதனால்தானோ என்னவோ
பத்து மணிக்கு வந்த ஐஸ் லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு
பெட்டியை முடுக்கினேன்.
கச்சான் நிற்கவில்லை.
சாலை முழுவதையும் என் கூரைமேல் ஏற்றி
கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.
நல்ல காற்று கொடுக்கவும், என்றது பெட்டி.
கொல்லைப் பக்கம் கொண்டுபோனேன்.
கொடுக்கவும்.
பேட்டரியை மாட்டி, இடுப்பில் ஏந்தி
கரைக்கு நடந்தேன்.
மண்ணெண்ணெய் வாடையோடு
வள்ளம் ஒன்று இருமி இருமிக் கிளம்பியது.
கொடுக்கவும்.
கணுக்கால் தண்ணீரில் நின்றேன்,
குழாயை இருட்டுக்குள் எட்டும் மட்டும் நீட்டி.

பின்னாலேயே வந்துவிட்டான் டிரைவர் பையன்.
'ஏதாச்சும் ஒரு நம்பரப் போடுக்கா, ஐஸ் ஒழுகுது.'
உண்மைதான்.
அவன் வண்டியடியிலிருந்து
தார்ச்சாலை நெடுக ஒரு நீர்க்கோடு
எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.