திருத்தக் கெழு

துவாஸ். மதியம் மூன்று.
ஏர்கானின் கண்ணாடி வெளிப்புறம் வியர்க்கிறது.
இங்கே காற்றுக்குக் கனம் அதிகம்.
இருபத்துமூன்று பீங்கான் தட்டுகள்
நானூறு கிலோவோல்ட்டைச்
சத்தமில்லாமல் தாங்கும்.

நீ நிற்கும் லடாக் மேட்டில்
காற்றே இளைத்துக் கிடக்கிறது.
முப்பத்தொன்று வேண்டும் என்கிறது என் கணக்கு.
தட்டு கூடினால்
கம்பி இன்னும் கொஞ்சம்
கோபுரத்தை விட்டு விலகித் தொங்கும்.

நேற்றிரவு அழைப்பில்
"வீவக தவணை கட்டிட்டியா?" என்றேன்.
அவ்வளவுதான். தெறித்தது.
மூச்சு வாங்க வாங்கச் சண்டையிட்டாய்,
பாதி வாக்கியங்கள் வந்துசேரவில்லை.

தப்பு என்னுடையது, இளம்பரிதி.
புக்கிட் தீமா உயரத்துக்கான இடைவெளியில்
உன்னோடு பேசிவிட்டேன்.

இன்று
நீ சொல்லி முடித்ததும்
எட்டு வரை எண்ணிவிட்டு
வாய் திறக்கிறேன்.