பதினொரு வாட்

பாடாங் செராயில் மழை விட்ட இரவு.
குலை லோரியின் முன்னிருக்கையில்
பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்தார் குணாளன் அண்ணன்.
"இருபது கிலோ தங்கச்சி, தூக்கிப் பாரு.
கனமா இருந்தா நல்ல சாமான்தானே?"
நான்கு வால்வு. முகப்பெல்லாம் பித்தளை.
அட்டைப்பெட்டியில் நாற்பது வாட் என்று அச்சு.
நாலாயிரத்து இருநூறு வெள்ளி,
இரண்டு தீபாவளி போனஸ்.
மச்சான் பார்த்துச் சிரித்தாராம்.
அளந்து எழுதிக் கொடு என்றார்.

பகலில் ஆலையின் எடைமேடை என் வேலை.
இரவில் சமையலறை மேசைமேல் அலைகாட்டி,
ஸ்பீக்கருக்குப் பதிலாக எட்டு ஓம் மின்தடை ஒன்று,
மைலோ டின்னில், எங்கள் ஆலை எண்ணெயில் முக்கி.
அது பாடாது, சூடேறும்.

அரை மணி நேரம் காயவிட்டேன்.
இடது கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
நானூறு வோல்ட்டுக்கு முன்னால் ஒரு கை போதும்.
ஆயிரம் ஹெர்ட்ஸ். பச்சை அலை.
மெல்ல ஏற்றினேன். ஐந்து வோல்ட். ஏழு.
ஒன்பது புள்ளி நான்கில்
கூரையில் இடித்ததுபோல் அலையின் தலை தட்டையானது.
பெருக்கி வகுத்தேன்: பதினொன்று.
மறுபடி வகுத்தேன்.
கணக்குக்கு இரக்கம் வரவில்லை.

நாற்பது ஹெர்ட்ஸில், உறுமி முனகும் பள்ளத்தில்,
மூன்று வாட்டுக்கே அலை கூன் விழுந்து நெளிந்தது.
"கரண்டு சரியில்லையோ?"
உண்மைதான். ஆலையில் இரவு ஷிஃப்ட் ஏறினால்
எங்கள் தாமானுக்கு இருநூற்று இருபத்தெட்டுதான் வரும்.
அதையும் எழுதினேன்.
அது ஒரு வாட் தின்னலாம்,
இருபத்தொன்பது தின்னாது.

பிளக்கைப் பிடுங்கி
கெப்பாசிட்டரில் மிச்சம் வடியும்வரை பொறுத்துக் கவிழ்த்தேன்.
சில இடங்களில் பற்றாசு சாம்பல் பூத்து
ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தது.
ஒரு கம்பி விரல் பட்டதும் கையோடு வந்தது.
ஆனால் வால்வுகளுக்கு இடையே யாரோ கட்டிய ஒயர்க்கட்டு
அத்தனை நேர்த்தி, முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி.
அந்தக் கையைக் குறை சொல்ல முடியாது.
அதையும் எழுதினேன்.

பிறகு டிரான்ஸ்ஃபார்மர்.
பெரிய கறுப்புப் பெட்டி, நான்கு திருகு.
உள்ளே என் முஷ்டியளவு சுருள் ஒன்று.
மிச்சமெல்லாம் சிமெண்டு.

கட்டியாய்ப் பெயர்ந்து வந்தது.
தம்பி மீன் விற்ற தராசில் வைத்தேன்:
ஆறு கிலோ நானூறு.

அண்ணன்தான் முதலில் சிரித்தார்.
"நாம உதிரிப்பழத்துல மணல் போட்ட மாதிரியே இல்ல?"
நாம் இல்லை, அவர்.
போன வருஷம். நாற்பத்திரண்டு கிலோ மணல்.
சீட்டில் எழுதியது நான்.
மூன்று நாள் அவருக்கு வேலை இல்லை.
"அதனாலதான் ஒங்கிட்ட கொண்டாந்தேன்," என்றார்.
"நீ எழுதிருவே."

எழுதினேன்.
மச்சானிடம் காட்டுவாரோ என்னவோ.
விட்டுப்போன இடங்களைப் பற்றவைத்து
ஸ்பீக்கரை மாட்டினோம்.
நன்றாகத்தான் இருந்தது.
சமையலறைக்குப் பதினொரு வாட் மிச்சம்,
பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்துகொண்டது.
நன்றாக இருந்தது என்பதை எழுத
என் தாளில் கட்டம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் லோரி மேடை ஏறியது.
சக்கரத்துக்கு அண்டைக்கல்லாக வைத்துக்கொண்டார் போல,
இருக்கைக்குக் கீழே அந்தச் சிமெண்டுக் கட்டி.
என் மேடையின் மிகச் சிறிய படி பத்துக் கிலோ.
ஆறு நானூறு அதற்குத் தெரியவே தெரியாது.
கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
கதவைத் திறந்து இறங்கி
கட்டியைத் தரையில் வைத்தார்.
கையைத் தட்டிவிட்டு
திரும்ப ஏறிக்கொண்டார்.