பார்க்க: நீக்குதல்

ஓர்த்தா துறைமுகத்தின் பின்தெருவில் குவால்த்தேர் கடை.
மேலே தூண்டில் நரம்பு, ரப்பர் காலணி,
படியிறங்கினால் புத்தகம்.
லிஸ்பனிலிருந்து வரும் சரக்குக் கப்பல்
அலைக்குப் பயந்து எட்டு நாள் தங்கிவிட்டால்
அதற்குள் மென்பொருளுக்கு ஒரு எண் ஏறிவிடும்.
பெட்டியைப் பிரிக்கும்போதே பழசு என்பார்,
மீனைச் சொல்வதுபோல.

கணினி அலமாரியில் நான்கு இருந்தன.

முதலாவது கைக்குழந்தை கனம்.
எல்லா மெனுவும் உண்டு, எதற்கும் காரணம் இல்லை.
இதை அழுத்து, அதை இழு, சரி என்று சொல்.
பின்னட்டையில் ஒரு சிடி.
என் கணினிக்கோ சிடி தின்னும் வாயே இல்லை.

இரண்டாவதில் ஒரே வாரத்தில் கற்றுவிடலாமாம்.
செவ்வாய்க்கிழமையே வானத்தை மாற்றிவிடுகிறார்கள்.
எங்கேயோ எடுத்த அந்திச் சிவப்பை மேலே ஒட்டிவிட்டு
கடலைச் சாம்பலாகவே விட்டிருந்தார்கள்.
இந்தத் தீவில் பால்பல் விழாத பிள்ளைகூட
அந்தப் படத்தை நம்பாது.

மூன்றாவதில் ஒரு பெண் முகம்.
இடப்பக்கம் முன், வலப்பக்கம் பின்.
முன்னில் புருவத்தருகே தழும்பு,
சிரித்துச் சிரித்து விழுந்த இரண்டு கோடு.
பின்னில்
அவித்து உரித்த முட்டை.
நான்காவதும் அதேதான், ஆண் முட்டை.

என் வேலையைச் சொல்லவில்லையே.
எண்ணெய்த் திமிங்கலம் மூழ்கப்போகும் கணத்தில்
வாலைத் தூக்கும். படகிலிருந்து படமெடுப்பேன்.
வாலின் ஓரம்தான் அதன் பெயர்.
எதுவோ கடித்த இடம், வலை அறுத்த இடம்,
எப்படி வந்ததென்று அதற்கு மட்டும் தெரிந்த ஒரு பிளவு.
ஒன்பது வருடம், இரண்டாயிரத்து முந்நூறு வால்.
பாதிக்கு மேல் வெயிலுக்கு எதிரே எடுத்தவை,
கரியில் வெட்டிய கரி.

பொருளடைவில் விரல் வைத்துத் தேடினேன்.
தழும்பு என்ற சொல்லுக்கு நேரே
‘பார்க்க: நீக்குதல்’ என்றிருந்தது.
நான்கிலும்.

‘என்னதான் வேண்டும் ஜுல்மீரா?’
போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
‘கருப்பாக இருக்கிறது.’
‘அதேதான் வேண்டாம்.’

அவர் கணினிப் பக்கமே போகவில்லை.
ஓத அட்டவணைகளுக்கும் தேவாலயக் கணக்குகளுக்கும் நடுவிலிருந்து
ஒல்லியாக ஒன்றை உருவினார்.
தேய்ந்த கல்லறை எழுத்தை வாசிப்பவர்களுக்கானது.
ஜெர்மன். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.
முதல் படத்தில் வெறும் கல்.
அடுத்த பக்கத்தில் அதே கல், அதில் பாதிப் பெயர்.
நடுவில் ஆறு படி,
ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாய் ஒரு ஹிஸ்டோகிராம்,
எதிர்க்கரைப் பிக்கோ மலையை
யாரோ இடப்பக்கம் சாய்த்துவைத்ததுபோல.
மலை நகர்ந்தால் எழுத்து வருகிறது.
இதற்கு ஜெர்மன் எதற்கு?

‘ஏழு வருடமாக யாரும் தொடவில்லை. நாலு யூரோ.’
‘மூன்று.’
‘நாலு. காலணி ஏதும் வேண்டாமா?’

இரவு, ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டாம் வால்.
இருபத்தாறாம் பக்கத்தின் மூன்றாம் அம்புக்குறியைப் பிடித்துப் போனேன்.
கரியிலிருந்து கரி பிரிந்தது.
இடது ஓரத்தில், கடித்துவைத்த ரொட்டிபோல் ஒரு வளைவு.
மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் இழுத்தேன்,
பக்கத்திலேயே இன்னொன்று வந்தது.
இன்னும் இழுத்தேன், மூன்றாவது.

அப்போதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன்.
கல்லில் முழுப் பெயர், பளிச்சென்று,
அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.
கீழே ஒரே ஒரு வரி.
அகராதியில் சொல் சொல்லாய்த் தேடினேன்,
கேத்தல் இரண்டு முறை கூவி ஓய்ந்தது.
‘இது நான் பார்க்க விரும்பியது.’

மூன்றாவது போயிற்று. இரண்டாவதும்,
பாதி இழுத்து நிறுத்தியதில், பாதி போயிற்று.
முதல் வளைவு இருந்தது.
இருந்ததென்றுதான் நினைக்கிறேன்.
பட்டியலில் பெயருக்கான கட்டத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிட்டு
அடுத்த வாலைத் திறந்தேன்.