இருபத்தேழாம் எண் பலகை

காலை ஏழே முக்கால்.
மெஸ்ஸினா துறைமுகத்தில் இரவோடு இரவாக
பதினான்கு மாடி முளைத்திருந்தது.
அதன் அடிவயிற்றில் ஒரு கதவு திறக்க
தொப்பிகள் இறங்கின, தொப்பிகள், மேலும் தொப்பிகள்.
நான் அகாத்தினா.
இன்றைக்கு என் பெயர் இருபத்தேழு.
பலகையைத் தூக்கினால் நாற்பத்திரண்டு பேர் நிற்பார்கள்,
சாய்த்தால் நடப்பார்கள்.

படியடியில் ஒரு நார்வே தம்பதி.
எனக்குப் புரியாத மொழியில்
எனக்கு நன்றாகப் புரிகிற சண்டை.
அவள் கையில் பேருந்துச் சீட்டு.
அவர் கையில், மடித்து மடித்து
மடிப்பிலேயே கிழிந்த ரயில் அட்டவணை.
கப்பல்காரன் கேட்கிற காசுக்கு
பத்துத் தடவை தவோர்மினா போய்வரலாமாம்;
பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.
அவள் கைக்கடிகாரத்தைத் தட்டினாள்.
எல்லாத் துறைமுகத்திலும் இதே வழக்குதான்:
பேருந்து பிந்தினால் கப்பல் காத்திருக்கும்.
ரயில் பிந்தினால்,
கப்பலுக்கு ரயிலைத் தெரியாது.

கடைசியில் ஆளுக்கொரு வழி.
டாக்சிக்காரர்களின் கூச்சலுக்குள்
அவர் தலையைக் குனிந்து புகுந்தார்.
அவள், பட்டியலில் பெயர் துரிட்,
என் பேருந்தில் ஏறி
பக்கத்து இருக்கையில் பையை உட்கார வைத்தாள்.

ஒலிவாங்கியில் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.
எதிரே எட்னா, மேகம் விலகினால்.
மேகம் விலகவில்லை.
நிலநடுக்கம் வந்த ஆண்டு, அரங்கின் கற்படிகள்,
சிரிக்க ஓரிடம், உச்சுக்கொட்ட ஓரிடம்,
எல்லாம் கைக்கணக்கு, உப்புப் போடுவதுபோல.
மலைமேல் வந்ததும் அறிவித்தேன்:
"நாற்பது நிமிடம், சுதந்திரம்."
அந்தச் சொல்லுக்கு ஓட்டுநர் சால்வோ
தினமும் கண்ணடிப்பான்.

துரிட் கடைகளைப் பார்க்கவில்லை.
ரயிலடியிலிருந்து மேலேறி வந்த ஒவ்வொரு பேருந்திலும்
இறங்குகிற முகங்களைப் பார்த்தாள்.
பாதாம் இனிப்பு இரண்டு வாங்கினாள்.
ஒன்றைத் தின்றாள்,
மற்றதைத் தாளில் சுற்றினாள்.

மாலை ஐந்து. அரைமணியில் படியைத் தூக்கிவிடுவார்கள்.
நாற்பத்திரண்டையும் எண்ணி ஒப்படைத்தாயிற்று.
இல்லை, நாற்பத்தொன்று.
துரிட் கரையிலேயே நின்றாள்.
சீருடைக்காரன் ஏறச் சொன்னான், ஏறவில்லை.
"ஹால்வார்" என்றாள் என்னிடம்,
தொலைந்த பையின் நிறத்தைச் சொல்வதுபோல.

என் சம்பளம் ஐந்தோடு முடிந்தது.
வீட்டில் நறுக்கிய கத்திரிக்காய் உப்பில் கிடந்தது.
ஆனாலும் ரயில்வேயில் இருக்கும் மைத்துனனை அழைத்தேன்.
சுரங்கத்துக்குள் நிற்கிறது என்றான்,
ஏன் என்று கேட்காதே, ரயிலுக்கே தெரியாது.

ஐந்தே கால்.
ஐந்து இருபது.
ஏன் செய்தேனோ,
பலகையை உயரத் தூக்கினேன்.

கம்பிவேலிக்கு அப்பால் ஒரு நரைத்த தலை,
சொட்டச் சொட்ட ஈரம், கையில் செருப்பு.
ஓடிப் பழகாதவரின் ஓட்டம்.
வேலிக்கு ஐந்து வாசல், நான்கில் பூட்டு.
இங்கே ஓடினார், அங்கே ஓடினார்,
பிறகு நிமிர்ந்தார், கண்டார் இருபத்தேழை,
நேராக வந்தார்.
என் நாற்பத்திரண்டு பேர்
ஒருநாளும் அவ்வளவு நேராக வந்ததில்லை.

துரிட் திட்டவில்லை.
அவர் தலைமயிரைத் தொட்டு
விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
அந்தத் தடத்தில் எங்கே இறங்கினாலும்
கடல் கூப்பிடு தூரம்.
தவோர்மினா வரை அவர் போகவே இல்லை போல.
பத்தொன்பது வருடமாக அந்த நிலையங்களை
சன்னலில் வாசித்துக்கொண்டே போகிறேன்,
ஒன்றிலும் இறங்கியதில்லை.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள்.
சீருடைக்காரன் கடிகாரம் பார்க்கப் பார்க்க
அவர் படியிலேயே நின்று தின்றார்.
நன்றி சொன்னாரா?
பலகையைப் பார்த்து, சற்றுக் கோபமாகவே,
தலையசைத்தார்.

பதினான்கு மாடியும் கரையைவிட்டுக் கழன்றது.
தோள் வலித்தபோதுதான் தெரிந்தது
கையை நான் இன்னும் இறக்கவில்லை.
திரும்பினால், என் பின்னால் வரிசையாக
வேறேதோ கப்பலின் இரண்டு ஜெர்மானியர்,
ஒரு நாய்.
"எங்கே போகிறோம்?" என்று கேட்டார் ஒருவர்.