எண் பதினேழு

வஹாகா மலையில், ஜிப்சம் பாறையின் வடக்கு முகத்தில்
செனோவியா பொறுக்கியது ஒரே ஓர் இலை.
அதுவும் தானாய் உதிர்ந்தது.
மத்தி மீன் டப்பாவில் மணல் பரப்பிக் கிடத்தினாள்.
இரண்டு குருத்து வந்தது; ஒன்று அழுகிப்போனது.

மழைக்காலம் முழுக்க
வெண்ணெய் பூசியதுபோல் இலைகள்,
மேலே யாரோ எள் தூவியதுபோல்.
எள்ளில் ஒன்று
இன்னும் காலை இழுத்துக்கொண்டிருந்தது.

குளிரில் பசை வற்றியது.
பசியே அறியாததுபோல்
பொத்தான் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

பிப்ரவரியில் பூ.
வால் இருபத்திரண்டு மில்லிமீட்டர்,
தொண்டையில் மஞ்சள் மயிர்.
ஒட்டுவதே பிழைப்பானது
புத்தகத்தின் எந்தப் பெயரோடும் ஒட்டவில்லை.

நகரத்துத் தாவரவியலாளர் எழுதினார்:
"வேரோடு பிடுங்கி, உலர்த்தி, அனுப்புங்கள்.
பெயர் வைத்துவிடலாம்."

செனோவியா பென்சில் சீவினாள்.
மங்கியிருந்த சீட்டில்
அதே பதினேழை
அழுத்தி எழுதினாள்.