தையலுக்கு அடியில்

எட்டுக் குதிரைகளுக்குக் கண் வைத்தாயிற்று.
ஒன்பதாவது வீரன் கையில் வெறும் கம்பி.
கொடியில்லாமல் அவன் நிற்பது
யாரிடமோ குடை கொடுத்துவிட்டு
மறந்தவன் போல இருக்கிறது.

வேஸ்தெரோஸில் இன்னும் பனி.
பகலில் நான் பீங்கான் பற்களுக்கு நிறம் தீட்டுகிறவன்.
வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் கிடையாது.
காப்பிக்காரர் வெள்ளை,
சுருட்டை விட்டவர் வெள்ளை,
பெட்டியில் பதினாறு இருக்கின்றன.
இரவில் அதே தூரிகையால்
முந்நூறு வருடத்துச் சேற்றை
ஈயப் பூட்ஸ்களில் வைக்கிறேன்.

கிரான்ஷெல்டின் குதிரைப்படை.
புத்தகங்கள் ஒரே வாக்கியத்தை
ஒன்றுக்கொன்று கைமாற்றாக வாங்கிக்கொள்கின்றன:
நீலப் பட்டு, மேகத்திலிருந்து நீளும் கை, கையில் வாள்.
மறுபக்கம் தெரியவில்லை.

தெரியவில்லை என்றால் எப்படித் தூங்குவது?
ஹால்வார் தூங்குவான். எதிரிப்படை அவனுடையது.
“மறுபக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வை” என்கிறான்.

நான்காவது கடிதத்துக்குப் பதில் வந்தது.
செவ்வாய், இரண்டு மணி.
பேனா கூடாது. படம் பிடிக்கக் கூடாது. பென்சில் மட்டும்.

இங்கெயெர்ட் இழுப்பறையைத் திறந்தாள்.
துணி என்று சொல்ல முடியாது.
வலைமேல் கிடந்தது, விழுந்துவிட்ட ஒரு பேச்சு.
“மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கம் விடுங்கள்” என்றாள்.
மேகம் இருந்தது. கை இருந்தது.
வாள் இருந்த இடத்தில் வாள் நீளத்துக்கு ஓட்டை.
மறுபக்கத்தை என்றோ யாரோ ஒரு நல்லவர்
கோதுமைப் பசை போட்டு
லினன் துணியில் ஒட்டிவைத்திருக்கிறார்.
பிரித்தால் இரண்டும் போகும்.

பிறகு விளக்கைச் சாய்த்தாள்.
வெள்ளிக் குஞ்சம் தைத்த ஓரத்தில்
தையல் விட்டுப்போன மடிப்புக்குள்
வெயிலே பார்க்காத கடுகளவு பட்டு.
பச்சை.

“மஞ்சள் சாயம்தான் முதலில் ஓடும்,
நீலம் வீட்டைக் காத்துக்கொண்டு நிற்கும்.
எல்லாரும் அந்த மிச்சத்தைத்தான் எழுதினார்கள்.”

என் கையில் பென்சில்.
பச்சையைச் சாம்பலில் எழுதினேன்:
வெள்ளரித் தோலுக்கும் சதைக்கும் நடுவே
ஓடுகிற கோடு.
எழுதியதை நம்பவில்லை.
கண்ணில் வைத்தே கொண்டுபோவதென்று முடிவு.

பேருந்தில் விளம்பரம் பார்க்கவில்லை,
ஊசியிலை மரங்களைப் பார்க்கவில்லை,
சிக்னல் விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.
தளும்பாமல் வந்தேன்
ஹாமர்பி நிறுத்தம் வரை.
அங்கே ஒரு சிறுமி ஏறி எதிரில் உட்கார்ந்தாள்.
பச்சை ஜாக்கெட்.
மூக்கு ஒழுகியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
நானும் பார்த்துவிட்டேன்.

இரவு இரண்டரை வரை கலந்தேன்.
கட்டைவிரல் நகத்தில் பாதி அளவுத் தகடு.
அதில் எவ்வளவு கிரான்ஷெல்ட்,
எவ்வளவு ஜாக்கெட்,
எனக்கே தெரியாது.
மறுபக்கத்துக்குக் கோதுமைப் பசையின் வெள்ளை;
பெட்டியில் இல்லாத பதினேழாவது.

சனிக்கிழமை ஹால்வார் புத்தகத்தோடு வந்தான்.
“தப்பு. நீலம்.”
மடிப்பைச் சொன்னேன், மஞ்சளைச் சொன்னேன்.
சிறுமியைச் சொல்லவில்லை.
மூன்றாம் சுற்றில் பகடை ஒன்று காட்டியது,
ஒன்பது பேரும் ஆற்றுத்துறையில் போனார்கள்.

கொடிக்காரனைத் தூக்கிப் பெட்டியில் வைக்கப்போனவன்
விரலிடுக்கில் அவனைத் திருப்பினான்.
வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
ஏன் என்று கேட்பான் என்று
பதிலோடு உட்கார்ந்திருந்தேன்.

“உன் முறை” என்றான்.